பேச்சு மிச்சிகனுக்கு, அடி திருப்பூருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் நடுப்பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்தியச் சரக்கு மேல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதை எடுத்துக்கொண்டு, நம் மேல் அதற்கு என்ன கோபம் என்று கேட்டு, ரஷ்ய எண்ணெய், பாகிஸ்தான் சண்டை நிறுத்தத்தில் பெயர் வாங்கும் ஆசை, நோபல் பரிசு, அமெரிக்கப் பால் பொருளுக்கு நாம் கதவு திறக்காதது என்று ஒவ்வொன்றாகக் காரணம் அடுக்கியிருந்தார் எழுதியவர். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கேள்வியே தப்பு. கோபப்படுகிற ஆள் நம்மைப் பார்த்தல்லவா பேசவேண்டும்? டிரம்ப் நம் பக்கம் திரும்பவே இல்லை. அவர் கண் அமெரிக்காவின் தொழிற்சாலை மாநிலங்களான மிச்சிகனிலும் ஒஹையோவிலும் பென்சில்வேனியாவிலும் இருக்கிற ஓட்டுக்காரர் மேல் இருக்கிறது. நாடகத்தில் பின்னால் தொங்குகிற படுதாவாக நாம் இருக்கிறோம். படுதாவிடம் கோபம் எதற்கு?

நான் பேராசிரியர் இல்லை. 2004-ல் திருப்பூரில், வெளிநாட்டுக் கம்பெனிகளுக்காக இங்கே துணி வாங்கித் தருகிற ஒரு பையிங் ஆபீஸில், ஆர்டரைக் கவனித்துக்கொள்கிற மெர்ச்சண்டைசராகச் சேர்ந்தேன். இப்போது 40 மெஷின் வைத்து சின்னதாக ஒரு எக்ஸ்போர்ட் யூனிட் நடத்துகிறேன். இருபது வருடமாக அமெரிக்க பையர்களோடு பேசியே பிழைத்தவன் என்பதால் அந்த நாட்டுச் செய்தியை, அடுத்த வீட்டுச் சண்டையைச் சுவரில் காது வைத்துக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கட்டுரையில் '50 சதவீதம்' என்று மட்டும் இருந்தது. 2025 ஆகஸ்ட் 7-ல் 25, ஆகஸ்ட் 27-ல் இன்னொரு 25. காட்டன் டி-ஷர்ட்டுக்கு அங்கே ஏற்கெனவே 16.5 சதவீதம் டூட்டி உண்டு. அப்போது மொத்தம் 66.5. எப்.ஓ.பி. விலை, அதாவது இங்கே கப்பலில் ஏற்றும்வரைக்குமான விலை, 4 டாலர் என்று வைத்துக்கொண்டால், அங்கே இறங்கும்போது வரி மட்டும் 2 டாலர் 66 சென்ட். அதே டி-ஷர்ட் வியட்நாமிலிருந்தோ பங்களாதேஷிலிருந்தோ போனால் 1 டாலர் 46 சென்ட். வித்தியாசம் நம் காசுக்கு நூறு ரூபாய்க்கு மேல். ஒரு பீஸில் ஐந்து ரூபாய் நின்றால் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைக்கிற ஊர் இது. 27-க்குள் கப்பலில் ஏறிவிட்டால் இரண்டாவது 25 கிடையாது என்றார்கள், அதனால் மூன்று நாள் விடிய விடிய செக்கிங், ஐயனிங், பேக்கிங் ஓட்டி தூத்துக்குடிக்கு லாரி அனுப்பினோம். 60 பெட்டி மட்டும் நேரத்துக்கு முடியவில்லை. அந்தப் பெட்டிகளைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். படித்தவர்கள் இதற்கு ஜனரஞ்சக தேசியவாதம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர் பாஷையில் சொன்னால் இவ்வளவுதான்: 'உன் சோற்றில் மண்ணைப் போட்டவன் வெளியே இருக்கிறான், அவனுக்குக் கதவைத் திறந்துவிட்டவன் உள்ளே இருக்கிறான், ரெண்டு பேரையும் நான் பார்த்துக்கொள்கிறேன்.' இப்படிச் சொல்லி ஜெயித்த ஒருவர் உலகத்தின் பெரிய வல்லரசை நடத்தினால், வெளியுறவுக் கொள்கை என்று தனியாக ஒன்று இருக்காது. ஒவ்வொரு வெளிநாட்டு விவகாரமும் அந்த வாக்கியத்துக்கு ஒரு சாட்சி ஆகிவிடும். வெளியே இருப்பவனுக்கு வரி. உள்ளே கதவைத் திறந்தவன் என்று சொல்லப்படுகிற ஆட்களுக்கு வீட்டுக்குப் போகச் சீட்டு: 2025 ஜூலையில் அமெரிக்க வெளியுறவுத் துறையில் 1,300 பேருக்கு மேல் ஒரேயடியாக வேலையிலிருந்து நீக்கினார்கள், அதே மாதம் யூ.எஸ்.எய்டு என்கிற வெளிநாட்டு உதவி நிறுவனத்தையே இழுத்து மூடினார்கள். பிற நாட்டைப் பற்றித் தெரிந்து வைத்திருப்பவன்தான் இந்தக் கதையில் சந்தேகத்துக்குரிய ஆள்.

2025 ஏப்ரல் 2-ஆம் தேதி வெள்ளை மாளிகை ரோஜாத் தோட்டத்தில் டிரம்ப் பெரிய அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நாடு நாடாகச் சதவீதம் வாசித்தது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். 'விடுதலை நாள்' என்று பெயர் வைத்தார். அட்டையைத்தான் எல்லாப் பத்திரிகையும் போட்டது. அன்றைக்கு நடுவில் மேடைக்குக் கூப்பிட்டு மைக்கைக் கொடுத்தது யாரிடம் என்று பார்த்தீர்களா? மிச்சிகனைச் சேர்ந்த, ஓய்வுபெற்ற ஒரு கார் தொழிலாளியிடம். அது யாருக்கான கூட்டம் என்று அதிலேயே தெரிந்துவிட்டது. அட்டையில் இருந்த எண்களோ, ஒன்பதாம் வகுப்புப் பையன் போடுகிற கணக்கு. ஒரு நாட்டோடு அமெரிக்காவுக்கு இருக்கிற சரக்கு வர்த்தகப் பற்றாக்குறையை, அந்த நாட்டிலிருந்து வரும் இறக்குமதியால் வகுத்து, பாதியாக்கு. வந்ததுதான் வரி, பத்துக்குக் கீழே வந்தால் பத்து என்று வைத்துக்கொள்.

இந்தக் கணக்கில் லெசோத்தோவுக்கு 50 வந்தது. ஆப்பிரிக்காவில் ஒரு குட்டி நாடு, நம்மைப்போலவே அமெரிக்காவுக்கு ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் தைத்து அனுப்பிப் பிழைக்கிறது. ஏழை நாடு, திருப்பி அமெரிக்காவிடம் பெரிதாக எதையும் வாங்க அதற்கு வழியில்லை, அதனால்தான் பற்றாக்குறை. அதற்கு ஒரு மாதம் முன்புதான் டிரம்ப் தன் நாடாளுமன்ற உரையில் அந்த நாட்டின் பெயரைச் சொல்லி, யாருமே கேள்விப்படாத நாடு என்று கிண்டல் செய்திருந்தார், ஆளுங்கட்சிக்காரர்கள் சிரித்தார்கள். ஜூலையில் அந்த நாடு பேரிடர் நிலை அறிவித்தது. அப்புறம் 15 ஆகக் குறைத்தார்கள் என்பது வேறு. ஒரு பையர் வேறு நாட்டுக்கு ஆர்டரைத் திருப்பிவிட்டால், வரியைக் குறைத்த மறுநாளே திரும்பி வந்து நிற்கமாட்டான், இது இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். மனிதரே இல்லாத, பெங்குவின் வாழ்கிற ஹேர்ட், மெக்டொனால்ட் தீவுகளுக்கும் 10 சதவீதம் போட்டிருந்தார்கள், அதை வைத்துப் பத்து நாள் உலகமே சிரித்தது. பெங்குவினுக்கு வேலை போகாது, சிரிக்கலாம்.

உக்ரைன் அதிபரை 2025 பிப்ரவரி 28-ல் கேமராக்களுக்கு முன்னால் உட்காரவைத்துச் சத்தம் போட்டார்களே, அது முடியும்போது டிரம்ப் என்ன சொன்னார்? இது அருமையான டிவி நிகழ்ச்சியாக இருக்கப்போகிறது என்று. அவரே மறைக்காமல் சொன்ன பிறகும் நாம் ராஜதந்திரம், காய் நகர்த்தல், சதுரங்கம் என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இதெல்லாம் அந்த ஒரு ஆளின் குணம் என்று நினைப்பவர்கள் 1987-க்குப் போய்ப் பார்க்கவேண்டும். அப்போது எதிரி ஜப்பான். ஏப்ரலில் அன்றைய அமெரிக்க அதிபர் ரீகன் ஜப்பானிய டிவி, கம்ப்யூட்டர் போன்ற சில பொருட்கள் மேல் 100 சதவீத வரி போட்டார், போட்ட கையோடு 25-ஆம் தேதி வானொலியில், இப்படிப்பட்ட வரிகள் நாளடைவில் அமெரிக்கத் தொழிலாளியையே கடிக்கும் என்று விளக்கமும் கொடுத்தார், மனசே இல்லாமல் போட்டவர். ஜூலையில் அமெரிக்க எம்.பி.க்கள் சிலர் நாடாளுமன்றத்துக்கு வெளியே நின்று, கேமராக்களுக்கு முன்னால், சம்மட்டியால் ஒரு தோஷிபா ரேடியோவை அடித்து நொறுக்கினார்கள். தோஷிபா குழுமத்தைச் சேர்ந்த ஒரு கம்பெனி சோவியத்துக்கு இயந்திரம் விற்றது, அதை வைத்து அவர்கள் நீர்மூழ்கிக் கப்பலுக்குச் சத்தமில்லாத விசிறி செய்துகொண்டார்கள் என்பது குற்றச்சாட்டு. பாவம், ரேடியோ என்ன செய்தது! செப்டம்பரில் நியூயார்க்கில் 41 வயது கட்டட முதலாளி ஒருவர் சொந்தக் காசைப் போட்டு மூன்று பெரிய பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார்: ஜப்பானும் மற்ற நாடுகளும் பல வருடமாக அமெரிக்காவை ஏய்த்துப் பிழைக்கின்றன என்று. அந்தக் கட்டட முதலாளிதான் இன்றைய அதிபர். முப்பத்தெட்டு வருடத்தில் அவர் பேச்சில் மாறியது நாட்டின் பெயர் மட்டும். முதலில் ஜப்பான், பிறகு மெக்சிகோ, பிறகு சீனா, இப்போது எல்லாரும்.

அந்த ஜப்பான் காய்ச்சல் ரேடியோவோடு நிற்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அதற்கு ஐந்து வருடம் முன்பே, 1982-ல், டெட்ராய்ட் பக்கத்தில் ஒரு சீன வம்சாவளி இளைஞரைக் கார் தொழிலைச் சேர்ந்த இரண்டு பேர் பேஸ்பால் மட்டையால் அடித்துக் கொன்றார்கள். அவர் ஜப்பானியர்கூட இல்லை.

2025 அக்டோபரில் கனடாவின் ஒன்டாரியோ மாகாண அரசு அதே ரீகன் உரையை எடுத்து அமெரிக்க டிவியில் விளம்பரமாக ஓட்டியது. டிரம்ப் உடனே கனடாவோடு வர்த்தகப் பேச்சையே நிறுத்திவிட்டார்! செத்துப்போன தன் கட்சித் தலைவரின் குரல் தன் ரசிகர்கள் காதில் விழுந்ததுதான் அவருக்கு ஆகவில்லை.

இவ்வளவு சொன்னதால் அங்கே இருக்கிற தொழிலாளியை நான் கேலி செய்வதாக நினைக்கவேண்டாம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் பையர் ஒருவர் வடக்கு கரோலினாவிலிருந்து ஒரு குவாலிட்டி இன்ஸ்பெக்டரை அனுப்புவார். அறுபது வயசு இருக்கும். துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு உரசு உரசிவிட்டு ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்று சொல்வார். நாங்கள் ரவுண்ட் கட்டர் போட்டு வெட்டித் தராசில் வைத்துப் பார்ப்போம், இரண்டு மூன்று கிராம் வித்தியாசம் வந்தால் அதிகம். ஒருநாள் டீ நேரத்தில் லைனில் இருந்த ஓவர்லாக் டெய்லர் அக்கா ஒருவரைக் காட்டி, என் மனைவி இந்த மெஷின்தான் ஓட்டினாள் என்றார். ஊர் மில் மூடிவிட்டது, அவளுக்கு வேலை போய்விட்டது, எனக்கு உங்கள் ஊருக்கு வந்து இதைச் சரிபார்க்கிற வேலை கிடைத்தது என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எங்களுக்குத்தான் டீ தொண்டையில் இறங்கவில்லை.

அந்த மாநிலத்தில் கன்னாபொலிஸ் என்று ஒரு ஊர் இருக்கிறது. துண்டு, படுக்கை விரிப்பு நெய்கிற மில்லைச் சுற்றிப் பிறந்த ஊர், நம் கரூர் மாதிரி. 2003 ஜூலை 30-ல் பில்லோடெக்ஸ் என்கிற அந்தக் கம்பெனி மூடியது, அந்த மாநிலத்தில் மட்டும் நாலாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரே நாளில் வேலை போனது. 2001 டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது, 2005 ஜனவரி 1-ல், எந்த நாடு எவ்வளவு ஜவுளி அனுப்பலாம் என்று அளவு வைத்திருந்த கோட்டா முறை முடிந்தது. இங்கே கோட்டாவை வாங்கி விற்றே வாழ்ந்தவர்கள் தலையில் துண்டு போட்டார்கள், மற்றவர்கள் புது மெஷின் வாங்கினோம். 2000-ல் அமெரிக்காவில் தொழிற்சாலை வேலை சுமார் 1 கோடியே 70 லட்சம், பத்து வருடத்தில் அது 1 கோடியே 15 லட்சத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. மெஷின் வந்ததால் போனது பாதி, வெளிநாட்டுக்குப் போனது மீதி என்று பொருளாதார நிபுணர்கள் பங்கு பிரித்துச் சண்டை போடட்டும். வேலை போனவனுக்கு அந்தப் பங்கு பிரிப்பில் ஆர்வம் கிடையாது. இரண்டு கட்சிக்காரர்களும் அவனிடம், மறுபடி படித்து வேறு வேலை கற்றுக்கொள் என்றார்கள், ஐம்பது வயதில்! முதல்முதலாக ஒருவர் வந்து, உனக்கு நடந்தது அநியாயம் என்று சத்தமாகச் சொன்னார். நான் அங்கே பிறந்திருந்தால் நானும் கை தட்டியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

கை தட்டியவனுக்கு என்ன கிடைத்தது என்பதுதான் அடுத்த கேள்வி. 2018-ல் வாஷிங் மெஷின் இறக்குமதிக்கு வரி போட்டார்கள். விலை ஏறியது, அது எதிர்பார்த்ததுதான். வரியே போடாத, துணி காயவைக்கிற டிரையர் விலையும் ஏறியது, ஏனென்றால் அங்கே இரண்டையும் ஜோடியாக வாங்குவார்கள், கடைக்காரன் இரண்டிலும் பாதிப் பாதியாக ஏற்றிவிட்டான். இதை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள் கணக்குப் பார்த்ததில், வந்த ஒவ்வொரு வேலைக்கும் அமெரிக்க மக்கள் கொடுத்த விலை வருடத்துக்கு 8 லட்சம் டாலருக்கு மேல். அதே வருடம் சீனா பதிலுக்கு சோயா மேல் 25 சதவீதம் போட, விவசாயிகளுக்கு இரண்டு தவணையில் 2,800 கோடி டாலர் நிவாரணம் அறிவித்தார்கள். 2025 டிசம்பரில் மறுபடியும் 1,200 கோடி டாலர். ஒரு கையால் காயம், ஒரு கையால் மருந்து, இரண்டுக்கும் கைதட்டல்.

இப்போது உங்கள் கட்டுரையாளரின் காரணங்களுக்கு வருகிறேன். வர்த்தகப் பற்றாக்குறைதான் பிரச்சினை என்றால், பிரேசிலோடு அமெரிக்காவுக்கு உபரி இருக்கிறதே, அதற்கு ஏன் 50 போட்டார்? 2025 ஜூலை 9-ல் டிரம்ப் எழுதிய கடிதத்திலேயே காரணம் இருக்கிறது: தன் நண்பர், பிரேசிலின் முன்னாள் அதிபர் பொல்சொனாரோ மேல் வழக்கு நடத்துகிறார்களாம். ரஷ்ய எண்ணெய்தான் பிரச்சினை என்றால், நம்மைவிட அதிகம் வாங்குகிற சீனாவுக்கு அந்த இரண்டாவது 25 மாதிரி தண்டனை ஏன் போடவில்லை? ஏனென்றால் ஏப்ரலில் சீனா, காந்தம் செய்யத் தேவையான அரிய மண் கனிமங்களின் ஏற்றுமதிக்குக் கடிவாளம் போட்டதும் அமெரிக்கக் கார் கம்பெனிகளுக்குக் காந்தம் கிடைக்காமல் மூச்சு முட்டியது. காந்தம் இல்லை என்றால் மிச்சிகனில் லைன் நிற்கும், லைன் நின்றால் மைக் பிடித்துப் பேச ஆள் கிடைக்காது. 145 வரை போன வரி மே 12-ல் ஜெனிவாவில் 30 ஆனது.

இதைவிடத் தெளிவான சாட்சி காபி. 2025 நவம்பர் 4-ல் வர்ஜீனியா, நியூ ஜெர்சி, நியூயார்க் நகரத் தேர்தல்களில் விலைவாசியைப் பேசியே எதிர்க்கட்சி ஜெயித்தது. பத்தே நாள், நவம்பர் 14-ல் மாட்டிறைச்சி, காபி, வாழைப்பழம், தக்காளிக்கெல்லாம் ஏப்ரலில் அறிவித்த அந்தப் பதிலடி வரி இல்லை என்று உத்தரவு வந்தது. அந்தப் பட்டியலில் டீத்தூளும் மசாலாச் சாமானும்கூட இருந்தன. டி-ஷர்ட் இல்லை. கடையில் காபி விலையைத் தினமும் பார்க்கிற அம்மா டி-ஷர்ட் விலையை எப்போதாவதுதான் பார்க்கிறாள், அவ்வளவுதான் ராஜதந்திரம்.

அதனால்தான் கட்டிப்பிடிக்கிற போட்டோவில் எனக்கு நம்பிக்கை வந்ததே இல்லை. 2019 செப்டம்பரில் ஹூஸ்டனில் ஐம்பதாயிரம் பேர் கூடி நம் பிரதமரும் அவரும் கைகோத்து நடந்தார்கள். அதற்கு மூன்று மாதம் முன்பு, ஜூன் 5-ல், இந்தியாவுக்கு இருந்த ஜி.எஸ்.பி. வரிச்சலுகையை அதே ஆள்தான் எடுத்தார். அந்தச் சலுகை திரும்பி வந்ததா? இல்லை. அடுத்த பிப்ரவரியில் அகமதாபாத்தில் இன்னும் பெரிய கூட்டம் கூட்டினோம்.

நம் பக்கமும் சும்மா இல்லை, அதையும் எழுதவேண்டும். 2025 ஆகஸ்ட் 15-ல் பிரதமர் செங்கோட்டையில், விவசாயி, மீனவர், கால்நடை வளர்ப்பவர் நலனுக்காகச் சுவர்போல நிற்பேன் என்றார். அந்த வாக்கியத்தில் பனியன் கம்பெனி டெய்லர் இல்லை. ஓட்டு எண்ணிக்கை தெரிந்தவர், குறை சொல்லமாட்டேன். ஆனால் அடுத்த சில நாளில் பஞ்சு இறக்குமதிக்கு இருந்த 11 சதவீத வரியைத் தற்காலிகமாக எடுத்தார்கள், எங்களுக்கு ஆறுதல், பருத்தி விவசாயிக்கு வயிற்றெரிச்சல். சுவரில் ஒரு ஜன்னல். எங்கள் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் அமெரிக்கக் குளிர்பானத்தைப் புறக்கணிப்போம் என்று தினமும் ஒரு பட்டியல் போட்டார். அவரே காலை எழுந்ததும் முதலில் பார்ப்பது அமெரிக்க பையர் மெயில் வந்ததா என்றுதான். நானும் அப்படித்தான்.

கனடாவில் நடந்ததைப் பாருங்கள். 2025 ஜனவரியில் கருத்துக்கணிப்பில் இருபது புள்ளிக்கு மேல் முன்னால் இருந்த எதிர்க்கட்சி, டிரம்ப் கனடாவை 51-ஆவது மாநிலம் என்று திரும்பத் திரும்பச் சொன்னதால் ஏப்ரல் 28 தேர்தலில் தோற்றது, அதன் தலைவருக்குச் சொந்தத் தொகுதியும் போச்சு. ஒரு நாட்டின் மேடைப்பேச்சு இன்னொரு நாட்டில் ஆட்சியையே தீர்மானிக்கிறது. அங்கே அரசு மதுக்கடைகளில் அமெரிக்க விஸ்கியை அலமாரியிலிருந்து எடுத்து வைத்துவிட்டார்கள். அங்கேயும் கைதட்டல்தான்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். 2026 நவம்பர் 3-ல் அமெரிக்காவில் இடைக்காலத் தேர்தல். இந்த வரிகளை எதிர்த்து அவர்களுடைய சுப்ரீம் கோர்ட் வரை வழக்கு போனது, 2025 நவம்பர் 5-ல் வாதம் நடந்தது. டெல்லியில் எந்த அதிகாரி யாரோடு என்ன பேசினார் என்று போடும் இடத்தில் பாதியை இதற்கு ஒதுக்குங்கள். ஒஹையோவில் மாட்டிறைச்சி என்ன விலை, அயோவாவில் சோயா விற்றதா, மிச்சிகனில் கார் லைன் ஓடுகிறதா, இந்த மூன்றும் தெரிந்தால் எங்கள் ஊரில் அடுத்த மாதம் ஓவர்டைம் உண்டா இல்லையா என்று நானே சொல்லிவிடுவேன்.

அப்புறம் அந்த 60 பெட்டி. பையர் வேண்டாம் என்றுவிட்டார். கிறிஸ்துமஸ் சரக்கு, முன்னால் பனிமான் படம் போட்ட பிள்ளைகள் டி-ஷர்ட், 12 டாலர் 99 சென்ட் என்று விலை அச்சிட்ட டிக்கெட்டோடு குடோனில் இருக்கிறது. எங்கள் ஊர் மொத்த பனியன் சந்தையான காதர்பேட்டையிலிருந்து ஒரு வியாபாரி வந்து ஒரு பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இந்த வெயில் ஊரில் பனிமானை யார் போடுவான் என்று கேட்டு, பீஸ் 60 ரூபாய் என்றார். டிக்கெட்டைப் பிய்த்துக் கொடுக்கிற கூலியும் என் தலையில்தானாம். 75 சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மறுபடி வருவதாகப் போயிருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு பழைய மெர்ச்சண்டைசர்,
திருப்பூர்.